டர்போ வண்டி இழுக்கவில்லையா? டர்போவை மாற்றும் முன் வரிசையாகப் பார்க்க வேண்டியவை

ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தும் வண்டி முன்பு போல இழுக்கவில்லை. மேடு வந்தால் கியரைக் குறைக்க வேண்டியிருக்கிறது. லாரியை முந்தலாம் என்று நம்பி வெளியே எடுக்க முடியவில்லை. இந்த நிலையில் கராஜுக்குப் போனால் பெரும்பாலும் காதில் விழும் முதல் வார்த்தை, "டர்போ போயிருச்சு, மாத்தணும்" என்பதுதான். என் வண்டிக்கும் அப்படித்தான் சொன்னார்கள். எதையும் அளந்து பார்க்காமலே எஸ்டிமேட்டும் போட்டுக் கொடுத்தார்கள். கடைசியில் கோளாறு இருந்தது இண்டர்கூலருக்கு (டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் பாகம்) போகும் ரப்பர் ஹோஸின் அடிப்பக்கத்தில்: ஒரு கிழிசல், மேலிருந்து பார்த்தால் தெரியாது. டர்போவில் ஒரு குறையும் இல்லை. அதைக் கண்டுபிடிக்கும் வரை பட்ட அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவைப் புகைவாயு சுழற்றுகிறது. அது எவ்வளவு அழுத்தம் கொடுக்க வேண்டும் என்பதை ஆக்சுவேட்டர் கட்டுப்படுத்துகிறது. அழுத்திய காற்றை ஹோஸ்கள் கொண்டுபோகின்றன, சென்சார்கள் அளக்கின்றன, கம்ப்யூட்டர் அதற்கேற்ப எரிபொருள் விடுகிறது. இதில் எந்தக் கண்ணி அறுந்தாலும் ஓட்டுபவருக்குத் தெரிவது ஒன்றுதான்: வண்டி இழுக்கவில்லை. அதனால் செலவே இல்லாத சோதனையில் தொடங்கி, செலவு கூடிய சோதனையை நோக்கிப் போக வேண்டும். கீழே இருப்பது அந்த வரிசை. பெட்ரோல், டீசல் இரண்டுக்கும் பொருந்தும். வேறுபடும் இடங்களில் சொல்லியிருக்கிறேன்.

1. குறை இன்ஜினில்தானா என்று முதலில் உறுதிசெய்யுங்கள்

கிளட்ச் வழுக்கினாலும் வண்டி இழுக்காது. மேல் கியரில், 2000 ஆர்பிஎம் அருகே நிதானமாக ஓடும்போது ஆக்சிலரேட்டரை முழுக்க மிதியுங்கள். முள் சட்டென்று ஏறி, வேகம் ஏறவில்லை என்றால் அது கிளட்ச். இரண்டும் சேர்ந்தே மெதுவாக ஏறினால் இன்ஜின் பக்கம் போகலாம்.

பிரேக் ஒட்டிக்கொண்டிருந்தாலும் இதே கதைதான். கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்திய பிறகு, சக்கரத்தைத் தொடாமல் அருகில் கை நீட்டிப் பாருங்கள். ஒரு சக்கரத்தில் மட்டும் அனல் அடித்தால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. டயர் காற்றையும் பாருங்கள்.

அப்புறம், கால்மிதி விரிப்பு. புதிதாகப் போட்ட தடித்த விரிப்பு ஆக்சிலரேட்டர் பெடலுக்கு அடியில் மாட்டிக்கொண்டு பெடலை முழுக்க இறங்கவிடாமல் தடுக்கும். விரிப்பை எடுத்துவிட்டு ஒருமுறை ஓட்டிப் பார்ப்பதற்கு ஒரு காசும் செலவில்லை. ஈக்கோ மோடில் வண்டி இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

2. எப்போது, எப்படி இழுக்கவில்லை என்பதை எழுதி வையுங்கள்

"பிக்கப் இல்லை" என்று மட்டும் சொன்னால் எந்த மெக்கானிக்காலும் ஊகிக்கத்தான் முடியும். நீங்கள் குறித்துக்கொண்டு போகும் விவரம்தான் பாதி வேலையை முடிக்கும். கவனிக்க வேண்டியவை இவை.

திடீரென்று வந்ததா, மெல்ல மெல்ல வந்ததா? ஒரு நொடியில், அதுவும் "பட்" என்ற சத்தத்தோடு வந்தது என்றால் ஹோஸ் கழன்றிருக்க அல்லது கிழிந்திருக்க வாய்ப்பு அதிகம். மாதக்கணக்கில் மெதுவாகக் குறைந்தது என்றால் ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர், புகைக்குழாய் அடைப்பு, டர்போவுக்குள் படிந்த கரி ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம்.

இன்ஜினை அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடுகிறதா? அப்படியானால் அது பெரும்பாலும் லிம்ப் மோட். ஏதோ ஒரு அளவு எல்லை மீறியதைக் கம்ப்யூட்டர் பார்த்து, இன்ஜினைக் காப்பாற்றச் சக்தியைக் குறைத்திருக்கிறது. பல வண்டிகளில் 3000 ஆர்பிஎம் சுற்றுவட்டாரத்திலேயே முள் நின்றுவிடும். இது ஒரு வகையில் நல்ல செய்தி. என்ன கோளாறு என்று காட்டும் கோடு (பிழைக் குறியீடு) கம்ப்யூட்டரில் பெரும்பாலும் பதிவாகியிருக்கும்.

புகை என்ன நிறம்? டீசலில் கருப்புப் புகை என்றால் எரிபொருளுக்கு ஏற்ற காற்று போகவில்லை. ஆனால் டிபிஎஃப் பொருத்திய டீசல் வண்டியில் கரியை அந்த வடிகட்டியே பிடித்துக்கொள்ளும். புகை வரவில்லை என்பதால் காற்றோட்டம் சரியாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது.

என்ன சத்தம்? மிதிக்கும்போது மட்டும் "உஸ்ஸ்" என்று வந்தால் காற்றுக் கசிவு. ஆம்புலன்ஸ் சைரன் போல ஏறி இறங்கும் ஊளை என்றால் டர்போவின் பேரிங் அல்லது சக்கரம்.

டீசல் வண்டியில் இன்னொன்று: இழுவை குறைந்த அதே சமயத்தில் பிரேக் பெடலும் கெட்டியாகிவிட்டதா? பல டீசல் வண்டிகளில் பிரேக் பூஸ்டருக்கும் டர்போ ஆக்சுவேட்டருக்கும் ஒரே வேக்யூம் பம்ப்தான். இரண்டும் சேர்ந்து சோர்ந்தால் பம்பையோ, அதன் முதன்மை ஹோஸையோ முதலில் பாருங்கள். இது பிரேக் சம்பந்தப்பட்டது என்பதால் தள்ளிப்போடவும் கூடாது.

நிறுத்திவிட வேண்டிய நேரம் ஒன்று உண்டு. ஆயில் விளக்கு எரிந்தாலோ, நீலப் புகை கொத்தாக வந்தாலோ, உலோகம் உரசும் சத்தம் கேட்டாலோ வண்டியை ஓட்டாதீர்கள், இழுத்துக்கொண்டு போங்கள். டீசல் இன்ஜினில் டர்போவின் சீல் உடைந்து ஆயில் இன்டேக்குக்குள் கொட்ட ஆரம்பித்தால், இன்ஜின் அந்த ஆயிலையே எரித்துக்கொண்டு சாவியை எடுத்தாலும் நிற்காமல் தறிகெட்டு ஓடும். வெறும் இழுவைக் குறைவு என்றால் நிதானமாக ஓட்டிக் கராஜ் வரை போகலாம்.

3. தாள்களைத் திரட்டுங்கள்

வாரண்டி அல்லது நீட்டித்த வாரண்டி இன்னும் இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றாதீர்கள். பெரும்பாலான நிறுவனங்களின் பவர்டிரெயின் வாரண்டியில் டர்போவும் அடங்கும். ஆனால் உரிமை கோரும்போது ஆயில் மாற்றிய ரசீதுகளைக் கேட்பார்கள். எந்த கிரேடு ஆயில், எத்தனையாவது கிலோமீட்டரில் என்பது அதில் தெளிவாக இருக்க வேண்டும். சேஸிஸ் எண்ணைக் கொடுத்து, உங்கள் மாடலுக்கு ரீகால் அறிவிப்போ கம்ப்யூட்டர் மென்பொருள் அப்டேட்டோ இருக்கிறதா என்று தயாரிப்பாளரிடம் கேளுங்கள். இருந்தால் இலவசமாகவே முடியலாம்.

கடைசியாக நடந்த சர்வீஸின் ஜாப் கார்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். குறை ஆரம்பித்தது அந்த சர்வீஸுக்குப் பிறகுதான் என்றால், அப்போது எந்தெந்தப் பாகத்தில் கை வைத்தார்களோ அங்கிருந்தே தேடத் தொடங்கலாம். ஏர் ஃபில்டர் பெட்டியைச் சரியாக மூடாமல் விடுவது, காற்றை அளக்கும் மாஃப் சென்சாரின் பிளக்கை மாட்ட மறப்பது, கிளாம்பை இறுக்காமல் விடுவது எல்லாம் சாதாரணமாக நடப்பவை. பழைய வண்டி வாங்கியவர்கள், முந்தைய உரிமையாளர் கம்ப்யூட்டரை ரீமேப் (சக்தியைக் கூட்ட அதன் மென்பொருளை மாற்றுவது) செய்திருக்கிறாரா என்றும் கேட்டுவிடுங்கள். செய்திருந்தால் பின்னால் சொல்லப்போகும் அளவுகளில் பல தொழிற்சாலை அளவுகளோடு ஒத்துப்போகாமல் இருக்கலாம்.

4. கோடைப் படியுங்கள், அழிக்காதீர்கள்

டாஷ்போர்டுக்கு அடியில், ஓட்டுபவரின் முழங்கால் பக்கம், 16 பின் கொண்ட ஓபிடி சாக்கெட் இருக்கும். அதில் செருகி ஃபோனில் பார்க்கும் ப்ளூடூத் ரீடர் மலிவாகவே கிடைக்கிறது. ஒருமுறை கராஜில் ஸ்கேன் செய்யக் கேட்கும் தொகையைக் கொண்டே ஒன்று வாங்கிவிடலாம் என்பதால் சொந்தமாக வைத்துக்கொள்வது லாபம். அரை மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம்.

கோடையும், அது பதிவான நொடியின் அளவுகளைக் காட்டும் ஃப்ரீஸ் ஃப்ரேம் பக்கத்தையும் படம் எடுத்து வையுங்கள். ஆர்பிஎம், வேகம், இன்ஜின் சூடு, லோடு எல்லாம் அதில் இருக்கும். கோடை அழித்தால் இவையும் சேர்ந்து போய்விடும். "அழிச்சுட்டுப் பார்க்கலாம் சார்" என்று கராஜில் கை நீட்டும்போது, படம் எடுத்த பிறகுதான் விட வேண்டும். இன்னொரு விஷயமும் இருக்கிறது: அழித்ததும் வண்டியின் சுயசோதனைப் பதிவுகள் பூஜ்யத்துக்குப் போய்விடும். இந்தப் பதிவுகளையும் பார்க்கும் புகைச் சோதனைக்குத் தேதி நெருங்கியிருந்தால், சில நாள் பலவிதமாக ஓட்டிய பிறகுதான் அவை மறுபடி நிரம்பும். அதற்கேற்பத் திட்டமிடுங்கள்.

அடிக்கடி வரும் கோடுகள்: பி0299 என்றால் கம்ப்யூட்டர் கேட்ட அளவு பூஸ்ட் (டர்போ கூட்டும் காற்றழுத்தம்) வரவில்லை. பி0234 என்றால் அளவுக்கு மீறி வந்தது. பி0101, பி0102 இரண்டும் மாஃப் சென்சார் பக்கம். பி0236 பூஸ்ட் சென்சார். பி0243 வேஸ்ட்கேட்டை (மிஞ்சிய புகைவாயுவை டர்போவைச் சுழற்றாமல் வெளியே விடும் கதவு) இயக்கும் சோலனாய்டு என்ற மின் வால்வின் மின்சுற்று. பி0087 எரிபொருள் ரெயிலில் (இன்ஜெக்டர்களுக்கு எரிபொருள் கொடுக்கும் குழாய்) அழுத்தம் குறைவு. பி0300 மிஸ்ஃபயர் (சிலிண்டரில் எரிபொருள் சரியாகப் பற்றாதது). பி2002 டிபிஎஃப்.

பெரிய பொறி இருப்பது பி0299இல்தான். இந்தக் கோடு வந்ததும் டர்போவுக்கு ஆர்டர் போட்டுவிடுகிறார்கள். கோடு சொல்வது "அழுத்தம் குறைவு" என்பதை மட்டுமே; ஏன் குறைந்தது என்பதை அது சொல்வதில்லை. கிழிந்த ஹோஸுக்கும் இதே கோடு, ஒரு சாண் வேக்யூம் குழாய் வெடித்தாலும் இதே கோடு. ஒரே நேரத்தில் பி0299ம் மாஃப் கோடும் சேர்ந்து வந்தால், காற்று வழியில் எங்கோ கசிவு என்ற சந்தேகம் வலுக்கிறது.

5. பானெட்டைத் திறந்து காற்று போகும் வழியைப் பின்தொடருங்கள்

இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு செய்யுங்கள். டர்போவும் அதன் புகைக்குழாயும் தோலை உரித்துவிடும் அளவுக்குச் சூடாகும். நல்ல டார்ச் ஒன்று, சின்னக் கண்ணாடி ஒன்று, துணி ஒன்று போதும்.

ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து தொடங்குங்கள். ஃபில்டரை வெளியே எடுத்துப் பாருங்கள்; எலி கூடு கட்டியிருப்பதையும் இலைச் சருகு அடைத்திருப்பதையும் மேலே இருந்து பார்த்தால் தெரியாது. அங்கிருந்து டர்போவின் வாய், டர்போவிலிருந்து இண்டர்கூலர், இண்டர்கூலரிலிருந்து இன்டேக் மேனிஃபோல்ட் என்று ஒவ்வொரு ஹோஸாகக் கையால் தடவிக்கொண்டே போங்கள்.

தேட வேண்டியது ஆயில் ஈரம். டர்போ வண்டியின் காற்றுக் குழாய்க்குள் மெல்லிய ஆயில் படலம் இருப்பது இயல்பு. இன்ஜினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸின் ஆவி அந்த வழியாகத்தான் போகிறது. காற்று கசியும் இடத்தில் அந்த ஆயிலும் சேர்ந்து வெளியே தெறித்து, தூசியைப் பிடித்துக் கருப்பாகப் பிசுபிசுவென்று இருக்கும். சுற்றிலும் காய்ந்த தூசி, ஓர் இடத்தில் மட்டும் ஈரமான கருமை என்றால் அங்கே துணியால் துடைத்து, ஹோஸை இரண்டு கையாலும் வளைத்துப் பாருங்கள். அமைதியாக இருக்கும்போது உதடு மூடியதுபோல் ஒட்டிக்கொண்டிருக்கும் கிழிசல், வளைக்கும்போதுதான் வாய் திறக்கும். இன்ஜின் லோடில் திரும்பும்போதும் இப்படித்தான் திறக்கிறது, நிற்கும்போது மூடிக்கொள்கிறது. அடிப்பக்கத்தைக் கண்ணாடி வைத்தோ ஃபோன் கேமராவை உள்ளே நீட்டியோ பாருங்கள். கிளாம்புகளை ஒவ்வொன்றாக அசைத்துப் பாருங்கள். கிளிப் போட்டுச் செருகும் வகைக் குழாயாக இருந்தால் உள்ளே ஓ-ரிங் நசுங்கியிருக்கும்.

அடுத்து மெல்லிய வேக்யூம் குழாய்கள். இவை பெரும்பாலும் நடுவில் கெடாது, நிப்பிளில் மாட்டியிருக்கும் நுனியில்தான் காய்ந்து வெடிக்கும். நுனியில் வெடிப்பு, மீதி நன்றாக இருக்கிறது, நீளமும் இருக்கிறது என்றால் நுனியை வெட்டிவிட்டு மறுபடி மாட்டினாலே தற்காலிகமாக வேலை செய்யும். நிரந்தரமாக, அதே உள்விட்டம் கொண்ட புதுக் குழாய் போட்டுவிடுங்கள்.

நியூட்ரலில் வைத்து ஆக்சிலரேட்டரை முறுக்கி "கசிவு இல்லையே" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். லோடு இல்லாமல் டர்போ பெரிதாக அழுத்தம் கொடுக்காது, கசிவும் காட்டாது.

6. கேட்டது எவ்வளவு, வந்தது எவ்வளவு

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள். கம்ப்யூட்டர் கேட்கும் பூஸ்ட் எவ்வளவு, உண்மையில் வரும் பூஸ்ட் எவ்வளவு என்று ஒரே திரையில் பார்ப்பதுதான் முழு நோயறிதலின் முதுகெலும்பு. மலிவான சில ரீடர்கள் வந்த அளவை மட்டுமே காட்டும். கேட்ட அளவையும் காட்டும் ஆப் அல்லது உங்கள் வண்டி நிறுவனத்துக்கென்று இருக்கும் ஸ்கேனர் தேவைப்படலாம். கராஜில் இதற்கென்று தனியாகக் காசு கேட்டாலும் கொடுங்கள், வீண் போகாது.

முதலில் இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போட்டு மேனிஃபோல்ட் அழுத்தத்தைப் பாருங்கள். வெளிக்காற்றின் அழுத்தம்தான் காட்ட வேண்டும்: கடல் மட்டத்தில் சுமார் 100 கிலோபாஸ்கல், 1000 மீட்டர் உயரத்தில் சுமார் 90. அதைவிட ரொம்ப விலகியிருந்தால் சென்சாரே பொய் சொல்கிறது, அதைச் சரிசெய்யாமல் மேலே போவதில் பயனில்லை. ஸ்டார்ட் செய்ததும் பெட்ரோல் இன்ஜின் ஐடிலில் 30-40 வரை இறங்கும். டீசலில் பெரும்பாலும் 100 பக்கத்திலேயே நிற்கும், அது குறையல்ல.

அப்புறம் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஆள் நடமாட்டம் இல்லாத, வேக வரம்புக்குள் இதைச் செய்ய இடம் கொடுக்கும் நேரான சாலை, லேசான மேடாக இருந்தால் இன்னும் நல்லது. நீங்கள் ஓட்டுங்கள், திரையைப் பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும், அல்லது பதிவு செய்துவிட்டு நிறுத்திய பிறகு பாருங்கள். இன்ஜின் முழுச் சூட்டுக்கு வந்திருக்க வேண்டும். ஆறிய இன்ஜினுக்குப் பல வண்டிகள் பூஸ்டையே குறைத்துக் கொடுக்கும். மூன்றாவது கியரில் 1500 ஆர்பிஎம்மிலிருந்து முழுக்க மிதித்து 3500 வரை போங்கள். பெடல் நிலை, ஆர்பிஎம், கேட்ட பூஸ்ட், வந்த பூஸ்ட், மாஃப், ரெயில் அழுத்தம், உள்ளே வரும் காற்றின் சூடு, பெட்ரோல் என்றால் இக்னிஷன் டைமிங் ஆகியவற்றைப் பதிவு செய்யுங்கள்.

இரண்டு இடத்தில் ஏமாற வாய்ப்பிருக்கிறது. ஒன்று, திரையில் 180 கிலோபாஸ்கல் என்று வந்தால் அதில் 100 வெளிக்காற்று. டர்போ கொடுத்தது 80தான். சில ஆப்கள் முழு அழுத்தத்தையும், சில டர்போ கூட்டியதை மட்டுமும் காட்டும். எதைப் பார்க்கிறோம் என்று தெரிந்துகொண்டு ஒப்பிடுங்கள். இரண்டாவது, லிம்ப் மோடில் இருக்கும்போது கம்ப்யூட்டர் கேட்பதே குறைவாக இருக்கும். கேட்டதும் வந்ததும் பொருந்துவது போலத் தெரியும், எல்லாம் சரி என்று நினைப்போம். கோடுகளைப் படம் எடுத்துக்கொண்டு, அழித்துவிட்டு, மறுபடி ஓட்டிப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

பதிவைப் பார்த்தால் மூன்றில் ஒன்று தெரியும். கேட்டதைவிட வந்தது குறைவு என்றால் 7ஆம் படி. இரண்டும் பொருந்துகிறது, ஆனாலும் இழுக்கவில்லை என்றால் 8ஆம் படி. கேட்டதைத் தாண்டி எகிறி, உடனே சக்தி வெட்டப்பட்டால் அது அதிக பூஸ்ட்; அதையும் 7இலேயே ஆக்சுவேட்டர் பகுதியில் பாருங்கள்.

7. பூஸ்ட் வரவில்லை என்றால்

கசிவுச் சோதனை முதலில். புகை செலுத்திப் பார்க்கும் கருவி இருக்கும் கராஜில் ஒரு மணி நேர வேலை. ஏர் ஃபில்டருக்கு அடுத்த இடத்தில் அடைத்து, உள்ளே புகையை விட்டால் ஓட்டை இருக்கும் இடத்தில் வெளியே வரும். ஆனால் வெறும் புகைக்கு அழுத்தம் குறைவு. அழுத்தத்தில் மட்டும் திறக்கும் கிழிசலுக்கு, கம்ப்ரஸர் காற்றை ரெகுலேட்டர் வழியாக 0.7 பார் அளவுக்கு மெதுவாக ஏற்றி, சோப்புத் தண்ணீர் தெளித்துப் பார்ப்பதே சரியான வழி. ரெகுலேட்டர் இல்லாமல் நேரடியாகக் காற்று விடக் கூடாது; அடைப்பான் துப்பாக்கிக் குண்டாகப் பறக்கும், சீல்களும் போகும்.

பெட்ரோல் வண்டியில் ஃப்யூயல் ட்ரிம் (கம்ப்யூட்டர் எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம்) ஒரு நல்ல துப்பு. ஐடிலில் +10 சதவீதத்துக்கு மேல் ஏறி, ஆர்பிஎம் கூடும்போது குறைந்தால் த்ராட்டிலுக்குப் பின்னால் கசிவு. மாஃப் வைத்த வண்டியில் ஐடிலில் சரியாக இருந்து, பூஸ்ட் ஏறும்போது மட்டும் அளந்த காற்று வெளியே போய்க் கலவை கனத்தால், டர்போவுக்கும் த்ராட்டிலுக்கும் நடுவே கசிவு. பெடலை விட்டதும் மிஞ்சிய அழுத்தத்தைத் திருப்பிவிடும் டைவர்ட்டர் வால்வின் ரப்பர் கிழிந்திருப்பதும் இந்த வகைதான்.

கசிவு இல்லையா? சரி, ஆக்சுவேட்டர். கைப்பம்ப் கொண்டு வேக்யூமோ அழுத்தமோ கொடுத்து, கம்பி சீராக நகர்கிறதா, ஒரு நிமிடம் அப்படியே நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். திக்கித் திக்கி நகர்ந்தால் உள்ளே கரி. நிற்காமல் திரும்பி வந்தால் டயஃப்ரம் ஓட்டை. இங்கே குழம்புபவர்கள் அதிகம்: ஓட்டை டயஃப்ரம் இரண்டு வகை வண்டியிலும் நேர் எதிரான விளைவைத் தரும். அழுத்தத்தால் வேஸ்ட்கேட்டைத் திறக்கும் பெட்ரோல் டர்போவில், டயஃப்ரம் போனால் வேஸ்ட்கேட் திறக்காது, பூஸ்ட் எகிறும். புகைவாயு வரும் வழியில் இருக்கும் இதழ்களை வேக்யூமால் இழுத்துச் சாத்தும் பல டீசல் டர்போவில், டயஃப்ரமோ குழாயோ போனால் இதழ்கள் விரிந்தே இருக்கும், பூஸ்ட் வராது. மின் மோட்டார் வைத்த ஆக்சுவேட்டர் என்றால் ஸ்கேனரிலிருந்து ஆணை கொடுத்து நகர்த்திப் பார்க்கலாம். சில டர்போக்களுக்கு ஆக்சுவேட்டர் மட்டும் தனியாகக் கிடைக்கும். "முழு செட்டாகத்தான் வரும்" என்று சொன்னால் பார்ட் நம்பர் கேட்டு நீங்களே விசாரியுங்கள்.

ஆக்சுவேட்டருக்கு ஆணை கொண்டுபோகும் சோலனாய்டு வால்வையும் அதன் குழாய்கள் மாறி மாட்டப்படவில்லையா என்பதையும் பார்த்துவிடுங்கள். பாகங்களிலேயே மலிவானவற்றில் ஒன்று இது. கடைசியாக எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் விரிசல்: டர்போவுக்கு வர வேண்டிய புகைவாயு வழியிலேயே ஓடிவிடும். ஆறிய இன்ஜினில் டிக் டிக் சத்தமும், இணைப்பைச் சுற்றிக் கரித் தடமும் இருக்கும்.

8. பூஸ்ட் வருகிறது, ஆனாலும் இழுக்கவில்லை என்றால்

டர்போ தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம். அதை மறந்துவிட்டு வேறு இடம் பாருங்கள்.

டீசலில் ரெயில் அழுத்தம் கேட்ட அளவுக்கு வருகிறதா? முழு லோடில் மட்டும் சரிந்தால் முதலில் டீசல் ஃபில்டரை மாற்றுங்கள். பம்ப், இன்ஜெக்டர் எல்லாம் அதற்கு அப்புறம். மாஃப் சென்சார் குறைத்துச் சொன்னால், காற்று இல்லை என்று நம்பிக் கம்ப்யூட்டர் டீசலைக் குறைத்துவிடும். அதற்கென்று விற்கும் ஸ்ப்ரேயால் சுத்தம் செய்து பார்க்கலாம், துணியோ விரலோ படக் கூடாது. புகையில் ஒரு பகுதியை மறுபடி இன்ஜினுக்குள் விடும் இஜிஆர் வால்வு திறந்தபடி மாட்டிக்கொண்டாலும் புதுக் காற்றின் இடத்தைப் பழைய புகை பிடித்துக்கொள்ளும்.

பெட்ரோலில் ஸ்பார்க் பிளக். சிலிண்டருக்குள் அழுத்தம் கூடக் கூட, பொறி தாண்டுவதற்குக் கூடுதல் மின்னழுத்தம் வேண்டும். அதனால்தான் தேய்ந்த பிளக்கும் சோர்ந்த காயிலும் ஐடிலில் அமைதியாக இருந்து, மிதிக்கும்போது மட்டும் விக்கும். இக்னிஷன் டைமிங் (பொறி விடும் நேரம்) பின்னால் போயிருந்தால் எரிபொருளின் ஆக்டேனையும், இன்டேக் காற்றின் சூட்டையும் பாருங்கள். இண்டர்கூலர் முகத்தில் சேறும் பூச்சியும் அப்பியிருந்தால் தண்ணீர் விட்டுக் கழுவினாலே வித்தியாசம் தெரியும்.

இரண்டுக்கும் பொதுவானது, புகை வெளியே போகும் வழியில் அடைப்பு. பெட்ரோல் வண்டியில் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்கு முன்னால் உள்ள ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி, அங்கே அழுத்தமானியை மாட்டலாம். 2500 ஆர்பிஎம்மில் 3 பிஎஸ்ஐயைத் தாண்டினால் அடைப்பு என்று எடுத்துக்கொள்ளலாம். அடைப்பு முற்றினால் டர்போவும் சரியாகச் சுழலாது, பூஸ்டும் குறையும். அதனால் 7ஆம் படியில் ஒன்றும் சிக்காதவர்களும் இதைப் பார்க்க வேண்டும். டீசலில் டிபிஎஃப்பின் கரி அளவையும் இருபக்க அழுத்த வேறுபாட்டையும் ஸ்கேனரே காட்டும். வலுக்கட்டாயமாக ரீஜெனரேஷன் (டிபிஎஃப்பில் படிந்த கரியைச் சூடேற்றி எரிப்பது) செய்வதற்கு முன் ஆயில் அளவைப் பாருங்கள். பாதியில் நின்ற ரீஜெனரேஷன்களால் ஆயிலில் டீசல் கலந்து, டிப்ஸ்டிக்கில் அளவு ஏறியிருக்கலாம். அப்படியென்றால் ஆயிலையும் மாற்ற வேண்டும். ஏன் அடைத்தது என்று கண்டுபிடிக்காமல் எரித்தால் மறுபடி அடைக்கும்.

9. இப்போது டர்போ

இத்தனையும் தாண்டி வந்த பிறகுதான் டர்போவின் முறை. ஆறிய இன்ஜினில், காற்று வரும் பக்கத்து ஹோஸைக் கழற்றிச் சக்கரத்தை விரலால் சுற்றிப் பாருங்கள். தடையில்லாமல் சுற்ற வேண்டும். பக்கவாட்டில் கொஞ்சம் ஆட்டம் இருப்பது இயல்பு, ஏனென்றால் ஓடும்போது ஆயில் படலம்தான் அச்சைத் தாங்குகிறது. ஆனால் இதழ் நுனி சுவரில் உரசக் கூடாது. அச்சை முன்னும் பின்னும் தள்ளி இழுக்கும்போது கைக்குத் தெரியும் ஆட்டம் இருக்கக் கூடாது. இதழ்களில் மடிப்பு, சிதைவு, சுவரில் பளபளக்கும் உரசல் தடம் இருந்தால் டர்போ போய்விட்டது.

அப்படியானால் எஸ்டிமேட்டில் இவையும் இருக்க வேண்டும்: ஆயில் வரும் குழாய், ஆயில், ஆயில் ஃபில்டர், கேஸ்கட்டுகள், இண்டர்கூலரைக் கழற்றிச் சுத்தம் செய்யும் கூலி. ஆயில் குழாய் அடைத்ததால் செத்த டர்போவின் இடத்தில், அதே குழாயோடு புதிய டர்போ மாட்டினால் அதுவும் சாகும். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் ஓடும் அச்சு அது. ஆயில் இல்லாமல் சில நொடிகள்கூடத் தாங்காது. ஆகவே மாட்டும்போது உள்ளே ஆயில் ஊற்றி நிரப்பிய பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். ரீகண்டிஷன் செய்த டர்போ வாங்கினால் பேலன்ஸ் செய்த ரிப்போர்ட்டைக் கேளுங்கள். தர மறுத்தால் வேறு இடம் பாருங்கள். பாக வாரண்டித் தாளில், "ஆயில் குழாய் மாற்றிய ரசீது வேண்டும்" என்பது போன்ற நிபந்தனை இருக்கிறதா என்று படித்துவிட்டே காசு கொடுங்கள்.

10. கராஜில் பேசும் விதம், செலவு, நேரம்

சோதனைக் கட்டணத்தையும் ரிப்பேர் கட்டணத்தையும் பிரித்துக் கேளுங்கள். "முதலில் சோதியுங்கள், அளவுகளைக் காட்டுங்கள், நான் சரி சொன்ன பிறகு பாகம் வாங்கலாம்" என்று ஜாப் கார்டிலேயே எழுதச் சொல்லுங்கள். வாய்ப்பேச்சுக்கு அடுத்த வாரம் மதிப்பில்லை. டர்போ என்று சொன்னால், எந்தச் சோதனையில் தெரிந்தது என்று கேட்பது உங்கள் உரிமை. நல்ல மெக்கானிக் இதற்குக் கோபப்பட மாட்டார். பானெட்டைத் திறந்து காட்டுவார். மாற்றிய பழைய பாகத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். ரீகண்டிஷன் டர்போவுக்குப் பழையதைக் கொடுத்தால்தான் விலை குறையும் என்றால், கொடுக்கும் முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

நேரக் கணக்கு தோராயமாக: ஸ்கேன் கால் மணி நேரம், பானெட் சோதனை ஒரு மணி நேரம், ஓட்டிப் பதிவு செய்வது அரை மணி நேரம், கசிவுச் சோதனை ஒன்று முதல் இரண்டு மணி நேரம். ஆறிய இன்ஜினும் வேண்டும், சூடான இன்ஜினும் வேண்டும் என்பதால் காலையில் வண்டியை விடுவது நல்லது. டர்போ மாற்றுவது வண்டியைப் பொறுத்து அரை நாளிலிருந்து இரண்டு நாள் வரை ஆகும். செலவில், கிளாம்ப், வேக்யூம் குழாய், ஃபில்டர் எல்லாம் அடிமட்டம். ஹோஸ், சோலனாய்டு, சென்சார் நடுத்தரம். இன்ஜெக்டர், டிபிஎஃப், டர்போ உச்சம். அடிமட்டத்தை முடிக்காமல் உச்சத்துக்குத் தாவும் எஸ்டிமேட்டில் கையெழுத்துப் போடாதீர்கள்.

11. வேலை முடிந்த பிறகு

6ஆம் படியில் ஓட்டிய அதே சாலை, அதே கியர், அதே ஆர்பிஎம். மறுபடி பதிவு செய்து, பழைய பதிவோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கேட்டதும் வந்ததும் ஒட்டிக்கொண்டு ஏற வேண்டும். பணம் கொடுக்கும் முன்பே இதைச் செய்துவிடுங்கள். கராஜ் ஆளையும் கூட அழைத்துப் போங்கள். ஒரு வாரம் ஓட்டிய பிறகு கோடு திரும்பி வந்திருக்கிறதா என்று இன்னொரு முறை ஸ்கேன் செய்யுங்கள், கழற்றி மாட்டிய கிளாம்புகளையும் ஆறிய இன்ஜினில் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். இந்தப் பதிவை ரசீதுகளோடு சேர்த்து வையுங்கள். இழுவை நன்றாக இருக்கும்போது உங்கள் வண்டியின் அளவுகள் என்ன என்று எந்தக் கையேட்டிலும் இருக்காது, அதில்தான் இருக்கும்.